முதலில் கோலாவைக் குடித்துப் பாருங்கள்

கோலாவில் கலந்து குடிக்க எந்த ரம் நல்லது என்று யார் கேட்டாலும் நான் கோலாவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். கிளாஸில் பெரும்பங்கு இருப்பது அதுதானே. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கம் கியூபா லிப்ரே என்ற ரம்-கோலா பானத்துக்குக் கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள்: 50 மில்லி வெள்ளை ரம், 120 மில்லி கோலா, 10 மில்லி அப்போதுதான் பிழிந்த எலுமிச்சைச் சாறு. அதாவது மூன்றில் இரண்டு பங்கு கோலா. நாமோ ரம்மைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, கோலா என்று வரும்போது ஃபிரிட்ஜில் எது கைக்கு அகப்படுகிறதோ அதை எடுத்து ஊற்றிவிடுகிறோம்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கோலாவை ஊற்றி, கரண்டியால் கலக்கிக் கலக்கிக் கேஸ் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, ஒரு அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். குளிர்ச்சியும் நுரையும் போனபிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். முதலில் தெரிவது இனிப்பு, அதுவும் பாகு மாதிரி உதட்டில் ஒட்டுகிற இனிப்பு; சாதாரணக் கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, குளிராகக் குடிக்கும்போது நாக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. இனிப்புக்குப் பின்னால் வனிலா வரும். அப்புறம் பட்டை, லேசாக ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டுமே அந்த எண்ணெய் வாசனை. விழுங்கும்போது கடைசியாக ஒரு புளிப்பு. அந்தப் புளிப்புக்கு மணமே கிடையாது, ஏனென்றால் அது பழத்திலிருந்து வருவதில்லை, பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து வருகிறது. கோலாவின் அமிலத்தன்மை கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றை எட்டும் அளவு கடுமையானது, சர்க்கரைதான் அதை மூடி மறைத்து வைத்திருக்கிறது.

இப்போது அதில் என்னென்ன இல்லை என்று யோசியுங்கள். மரத்தின் துவர்ப்பு இல்லை. பழுத்த பழத்தின் வாசனை இல்லை. கருகல் இல்லை. மூக்கில் ஏறுகிற பச்சைப் புளிப்பு இல்லை. வனிலாவும் பட்டையும் இனிப்பும் ஏற்கனவே தாராளமாக இருக்கின்றன, அவற்றை மறுபடி கொண்டுவந்து கொட்டுவதற்கு ஒரு ரம் தேவையில்லை. இல்லாததைக் கொண்டுவருகிற ரம்தான் கோலாவுக்குத் தேவை. இவ்வளவுதான் என் கணக்கு, இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் ஆனது.

கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நண்பன் ஒருவன் நல்ல விலையுள்ள, பல வருடம் பீப்பாயில் கிடந்த ரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். தனியாகக் குடித்தபோது அபாரமாக இருந்தது, தேனில் ஊறிய உலர்திராட்சை மாதிரி. சரி, இதைக் கோலாவில் போட்டால் இன்னும் எப்படியிருக்கும் என்று ஆளுக்கு ஒரு கிளாஸ் கலந்தோம். இரண்டு வாய் குடித்ததும் அவன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “மச்சான், இதுல ரம் எங்கடா இருக்கு?” என்றான். உண்மையிலேயே காணவில்லை. வனிலாவோடு வனிலா சேர்ந்து, இனிப்போடு இனிப்பு சேர்ந்து, பாதிக் கிளாஸிலேயே திகட்டிவிட்டது. பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, மெதுவாகச் சப்பிக் குடிக்கவென்றே விற்கப்படும் ரம்களில் பலவற்றில், வடித்து முடித்தபிறகு தனியாகச் சர்க்கரை சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் வரை சேர்த்துவிட்டு ரம் என்றே விற்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. தனியாகக் குடிக்கும்போது அந்த வழவழப்பு சுகமாக இருக்கும். கோலாவுக்கு அது கூடுதல் பாரம். அடுத்த வாரம் சாதாரண மூன்று வருட ரம்மில் அதே கோலாவைக் கலந்தபோது இரண்டு பேருமே பேசாமல் குடித்து முடித்தோம்.

சரி, வெள்ளை ரம்மிலிருந்து வருவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் மிச்சமாகும் கறுப்புப் பாகுக்குப் பெயர் மொலாசஸ், பெரும்பாலான ரம் அதிலிருந்துதான் வருகிறது. அதைப் புளிக்கவைத்து, உயரமான தூண் மாதிரி நிற்கும் வடிகலத்தில் வடித்தால் லேசான, சுத்தமான சாராயம் கிடைக்கும். அதைக் கொஞ்ச காலம் மரப்பீப்பாயில் வைத்துவிட்டு, கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிட்டால் பளிங்கு மாதிரி வெள்ளை ரம். பலரும் நினைப்பதுபோல வெள்ளை ரம் எல்லாமே பீப்பாயையே பார்க்காதது அல்ல. இந்த லேசான பாணியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஃபாகுண்டோ பக்கார்டி, 1862-ல் கியூபாவின் சாண்டியாகோ நகரத்தில் தொழில் தொடங்கியவர். 1960-ல் புரட்சி அரசு அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது, குடும்பம் தீவைவிட்டே போய்விட்டது. அந்தப் பெயரில் இன்று விற்கும் ரம் கியூபாவில் தயாராவதில்லை.

கியூபா லிப்ரே என்றால் ‘சுதந்திர கியூபா’. ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரின் முழக்கம் அது. 1898 போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஹவானாவில் கோலாவும் ரம்மும் கலந்து அந்த முழக்கத்தைச் சொல்லிக் குடித்தார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 1900-ல் அப்படிக் கலந்து குடித்ததை நேரில் பார்த்ததாக ஒருவர் 1965-ல் சத்தியப் பத்திரமே எழுதிக் கொடுத்தார், பக்கார்டி நிறுவனம் அதை விளம்பரமாகவும் போட்டது. அவர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்தே இந்தச் சாட்சியத்தை எடைபோட வேண்டும். கியூபாவில் கோகோ கோலாவைப் பாட்டிலில் அடைக்கத் தொடங்கியது 1906-ல்தான். இன்று ஹவானாவில் போய்க் கேட்டால் பெரும்பாலும் உள்ளூர் கோலாவான டுகோலாவில்தான் கலந்து தருவார்கள், காரணம் 1960-களிலிருந்து நீடிக்கும் அமெரிக்க வணிகத் தடை. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்தக் கடைசிப் பகுதிதான்: பெயர் கொடுத்த ஊரில் அந்தப் பானத்துக்கு வேறொரு கோலா, பிரபலப்படுத்திய ரம்முக்கு வேறொரு ஊர்.

லேசான வெள்ளை ரம் கோலாவில் போட்டால் எப்படியிருக்கும் என்றால், நன்றாக இருக்கும், ஆனால் அடக்கமாக இருக்கும். எலுமிச்சையை ஒழுங்காகப் போட்டால்தான் அதற்கு உயிர் வரும். வெயிலில் அலைந்துவிட்டு வந்த நாளில் எனக்கு அதுதான் சரி. இதில் கொஞ்சம் கனம் வேண்டுமென்றால் மூன்று வருடம் பழுத்த ஹவானா கிளப் மாதிரி இளம்மஞ்சள் நிற ரம்களுக்குப் போங்கள். இனிப்பு குறைவு, விழுங்கியபின் லேசாகத் துவர்க்கும், புல்லின் வாசனை மாதிரி ஏதோ ஒன்று மூக்கில் தங்கும். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது இந்த வகைதான்.

ஆனால் என் மனசு ஜமைக்கா பக்கம். அங்கே மொலாசஸைப் புளிக்கவைக்கும் காலமே வேறு. லேசான ரம்முக்கு ஓரிரு நாளில் முடிகிற வேலையைச் சில இடங்களில் வாரக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள், முந்தைய வடிப்பில் மிஞ்சிய கழிவு நீரையும் திரும்ப அதில் சேர்க்கிறார்கள். பாக்டீரியாக்கள் அதில் புகுந்து அமிலங்களை உண்டாக்க, அந்த அமிலங்களும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் என்ற வாசனைப் பொருள்களாக மாறுகின்றன. பழங்களுக்கு வாசனை கொடுப்பதும் இதே எஸ்டர்கள்தான். அதனால்தான் ஜமைக்கா ரம் பாட்டிலைத் திறந்ததும் ரொம்பப் பழுத்து, தோல் கறுத்துப்போன வாழைப்பழமும் அன்னாசியும் ஒரே மூட்டையில் கட்டிவைத்த மாதிரி ஒரு வாசனை அறையெங்கும் பரவும். அதைச் செப்புப் பானை வடிகலத்தில் வடிக்கிறார்கள். தூண் வடிகலம் துடைத்துவிடுகிற வாசனைகளைப் பானை விட்டுவைக்கும். முதல் தடவை முகர்ந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோலாவோ இனிப்பும் மசாலாவுமாக, பழமே இல்லாமல் கிடக்கிறது. இரண்டும் சேரும்போது எது கோலா எது ரம் என்று பிரிக்க முடியாத மூன்றாவது ஒன்று உண்டாகிறது, நான் சொல்ல வந்த பொருத்தம் இதுதான்.

இதற்காக முழுக்க ஜமைக்கா ரம்மையே ஊற்ற வேண்டும் என்றில்லை. ரே அண்ட் நெஃப்யூ என்று ஒரு வெள்ளை ரம் இருக்கிறது, 63 சதவீத ஆல்கஹால். அதில் ஒரே ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, மீதி 45 மில்லிக்கு உங்களிடம் இருக்கும் சாதாரண வெள்ளை ரம். அந்த ஒரு டீஸ்பூன் முழுக் கிளாஸின் வாசனையையே மாற்றிவிடும். அளக்காமல் கைக்கணக்கில் மட்டும் ஊற்றாதீர்கள், 63 என்பது சாதாரண ரம்மைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கடுமை வேண்டாம், பழுத்த ரம்மே வேண்டும் என்றால் ஆப்பிள்டன் எஸ்டேட் மாதிரி ஒன்று, வாசனையும் இருக்கும், நெடியும் மூக்கை அடிக்காது.

கயானாவின் டெமராரா ரம்களையும் சொல்லாமல் விட முடியாது. மரத்தால் செய்த வடிகலங்கள் இன்றும் வேலை செய்கிற இடம் அது. கருகிய சர்க்கரை, கொஞ்சம் புகை, அதிமதுரம் மாதிரி ஒரு கனமான கசப்பு. கோலாவின் இனிப்புக்கு அந்தக் கசப்பு நல்ல எதிர்வாதம். இருட்டிய நிறத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், கறுப்பாக இருக்கும் ரம் எல்லாம் அதிக வருடம் பழுத்தது இல்லை. நிறம் பெரும்பாலும் சேர்க்கப்பட்ட கேரமலிலிருந்து வருகிறது. கோலாவின் பழுப்பு நிறமும் கேரமல்தான். ஓல்ட் மாங்க் மாதிரி வனிலா தூக்கலாக உள்ள இருண்ட ரம் உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு, எலுமிச்சையை மட்டும் ஒன்றரை மடங்காக்குங்கள். மசாலா சேர்த்த ரம் எனக்கு வேண்டாம். கோலா ஏற்கனவே செய்த வேலையை அது இன்னொரு முறை செய்கிறது. கரும்புச் சாற்றிலிருந்தே நேரடியாக வடிக்கும், கரீபியத் தீவான மார்ட்டினிக்கின் ரம் அருமையானது, ஆனால் அந்தப் பச்சைப்புல் வாசனையும் கோலாவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும், எலுமிச்சையும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும் மட்டும் போட்டுக் குடித்தால்தான் அதற்கு மரியாதை.

இனி கோலா. பெப்சி கொஞ்சம் கூடுதல் இனிப்பு, எலுமிச்சை வாடையும் முன்னால் வந்து நிற்கும். கோகோ கோலாவில் வனிலாவும் பட்டையும் பின்னால் இழுக்கும். லேசான ரம்முக்கு முன்னது, கனமான ரம்முக்குப் பின்னது என்பது என் பழக்கம், நீங்கள் மாற்றியும் பார்க்கலாம். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் கோலா மாதிரி இனிப்பைக் குறைத்துக் காட்டுகிற கோலாக்கள் கிடைத்தால் ரம்மின் முகம் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் அதில் 100 மில்லிக்கு 25 மில்லிகிராம் காஃபின், வழக்கமான கோலாவைப்போல இரண்டரை மடங்கு. இரவு பதினொரு மணிக்கு அதைத் தொடாதீர்கள்.

சர்க்கரை இல்லாத கோலா பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சுவையில் அதன் இனிப்பு ரம் போனபிறகும் நாக்கில் தங்கிவிடுகிறது, அது ஒரு குறை. அதைவிட முக்கியமானது வயிற்றில் நடப்பது. சர்க்கரை இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். சர்க்கரை இல்லாவிட்டால் ஆல்கஹால் வேகமாகக் குடலுக்குப் போய் ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. அதே அளவு ரம், அதே கிளாஸ், ஆனால் போதை முந்திக்கொள்ளும். சர்க்கரையைத் தவிர்க்க வேண்டியவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும், அப்போது ரம்மின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். இன்னொரு கணக்கையும் மனதில் வையுங்கள்: 50 மில்லி ரம்மில் 20 மில்லி சுத்த ஆல்கஹால், 180 மில்லி பானத்தில் அது 11 சதவீதம், கிட்டத்தட்ட ஒயின். இனிப்பு அதை மறைத்துவிடுவதால் ஜூஸ் மாதிரி உள்ளே போகும்.

எந்தக் கோலாவாக இருந்தாலும் சின்ன கேன்தான் வாங்க வேண்டும். இரண்டு லிட்டர் பாட்டில் முதல் இரண்டு கிளாஸுக்குத்தான் நன்றாக இருக்கும், மூடியைத் திறந்து திறந்து மூட, கடைசியில் நாம் கிண்ணத்தில் சுவைத்தோமே அந்தக் கேஸ் இல்லாத பாகுதான் மிஞ்சும். ஒரு பெரிய கூட்டத்துக்கு மொத்தமாகப் பெரிய பாட்டில்களை வாங்கிவைத்து, இரவு பாதியில் எல்லோர் கிளாஸும் சப்பென்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ரம் ஊற்றியும் மீட்க முடியவில்லை. கோலாவை ஃபிரிட்ஜில் முதல் நாளே வையுங்கள். குளிர்ந்த நீர் அறை வெப்பத்தில் உள்ள நீரைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேஸைத் தன்னுள் பிடித்து வைக்கும். வெதுவெதுப்பான கோலாவை ஐஸில் ஊற்றினால் நுரை பொங்கி கேஸ் எல்லாம் உங்கள் கண்ணெதிரிலேயே போய்விடும், ஐஸும் உருகித் தண்ணீராகும். ரம்மை ஃப்ரீசரிலேயே வைக்கலாம், 40 சதவீதம் உள்ளது வீட்டு ஃப்ரீசரில் உறையாது, எண்ணெய் மாதிரி கெட்டியாக ஊற்றும்.

எலுமிச்சை. இதை அலங்காரமாக நினைத்துக் கிளாஸ் விளிம்பில் ஒரு வட்டத்தைச் செருகிவிடுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. மணமில்லாத புளிப்பு கொண்ட ஒரு பானத்துக்கு மணமுள்ள புளிப்பைக் கொடுப்பது இது ஒன்றுதான், இது இல்லாவிட்டால் அது கியூபா லிப்ரேவே இல்லை, வெறும் ரம்மும் கோலாவும். நான் செய்வது இப்படி: பழத்தை உள்ளங்கையில் வைத்து மேசைமேல் அழுத்தி உருட்டிவிட்டு, பாதியாக வெட்டி, கிளாஸுக்கு நேர் மேலே தோல் கீழே பார்க்கும்படி வைத்துப் பிழிகிறேன். சாறு விரலிடுக்கு வழியாகக் கொஞ்சம் வழியும், பரவாயில்லை, தோலில் இருக்கும் எண்ணெய் ஐஸ்மேல் தெறிப்பதுதான் எனக்கு வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே செய்தால் அந்தப் பொடித் தூறலைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிழிந்த தோலையும் உள்ளே போட்டுவிடுகிறேன், அடியில் கிடந்து மெல்லக் கசப்பை விடட்டும். பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாற்றை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். காலையில் பிழிந்துவைத்த சாறுகூட மாலையில் மந்தமாகிவிடுகிறது.

ஊற்றும் வரிசை முக்கியம். உயரமான கிளாஸை விளிம்பு வரை ஐஸால் நிரப்புங்கள். கொஞ்சமாகப் போட்டால்தான் சீக்கிரம் உருகி நீர்த்துப்போகும், நிறையப் போட்டால் ஒன்றை ஒன்று குளிரவைத்துக்கொண்டு நிற்கும். கட்டிகள் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. அதன்மேல் ரம், பிறகு எலுமிச்சை. இந்த இரண்டும் ஐஸை நனைத்துவிடுவதால் மேலே வரும் கோலா சீறாது. நனையாத ஐஸின் சொரசொரப்பில்தான் குமிழிகள் வெடித்துக் கிளம்பும். கிளாஸைச் சாய்த்து, கோலாவை உள்சுவரோரமாக இறக்குங்கள். அப்புறம் நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு தடவை மேலே தூக்குங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்க வேண்டாம், கோலா ரம்மைவிடக் கனம், இறங்கும்போதே பாதி வேலையை முடித்துவிடும்.

இருந்தால் இரண்டு சொட்டு அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு. 1824-ல் வெனிசுவேலாவில் ஒரு ஜெர்மன் மருத்துவர் வயிற்றுக் கோளாறுக்காக உருவாக்கியது, இப்போது டிரினிடாடில் தயாராகிறது. இனிப்பு ரம் மட்டுமே கையில் இருக்கும் நாளில் இதுதான் காப்பாற்றும். ஒரு துளி உப்பும் போடலாம், உண்மையிலேயே ஒரு துளிதான், கிளாஸில் உப்பு தெரிந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது கிளாஸ் கலக்கும்போது பழைய ஐஸின் மேலேயே ஊற்றுகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதில் பாதி தண்ணீராகியிருக்கும், முதல் கிளாஸின் எலுமிச்சைத் தோல் வேறு கசந்துபோய்க் கிடக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, புது ஐஸ், புதுப் பழம், புது கேன் எடுங்கள். கேன் 330 மில்லி, ஒரு கிளாஸுக்கு 120 என்றால் எப்படியும் பாதிக்கு மேல் மிஞ்சும். அதை அடுத்த கிளாஸுக்கு என்று எடுத்துவைக்காமல், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று கலந்து கொடுத்துவிடுங்கள்.